இரண்டு பொன்னம்பலங்கள்

பாளையங்கோட்டையில் காற்று நிரம்பிவிட்டது என்று அரசு அறிவித்தபோது யாரும் பதறவில்லை. மூச்சுவிட இடம் இருந்தது. கணினிகள் பேசத்தான் இடம் இல்லை. குளிர்பெட்டி, மின்விசிறி, தண்ணீர்த் தொட்டி, செருப்பு, மாட்டுக் காதில் தொங்கும் வில்லை என்று சகலமும் கம்பியில்லாமல் பேசக் கற்றுக்கொண்டு ஓயாமல் பேசியதில், ஒன்று சொன்னது இன்னொன்றின் காதில் விழ அரை நிமிஷம் ஆயிற்று. அமைச்சர் ஒருவர் மேடையேறி இதைத் 'தகவல் செழிப்பு' என்றார். ஜனங்கள் கைதட்டிவிட்டுக் கம்பி வாங்கக் கடைக்குப் போனார்கள்.

ஆவுடையப்பனுக்கு அந்த அரை நிமிஷம் உயிர் விஷயம். அவர் மனைவி வடிவின் மண்டைக்குள் நகத்தளவில் ஒரு சில்லு இருந்தது. அவளுக்கு வலிப்பு வரப்போவதை வீட்டுக் கணினி முன்கூட்டியே கணித்துச் சொல்லும். சில்லு ஒரு சின்னத் துடிப்பைக் கொடுத்து அதை அடக்கிவிடும். காற்றை நம்ப முடியாததால் வடிவின் காதுக்குப் பின்னால் ஒட்டிய பட்டையிலிருந்து கணினி வரை நீளமாக ஒரு வயர். மாடி வீட்டில் கயிறு கட்டிய கன்றுக்குட்டி மாதிரி அதை இழுத்துக்கொண்டே சமைத்தாள், துவைத்தாள், சண்டை போட்டாள். சித்திரையில் ஒரு மத்தியானம் வயர் கழன்றதைக் கவனிக்காமல் அடுப்படியில் நின்றவள் விழுந்தாள். முகம் நீலம் பாரித்து, மூச்சு நின்று, திரும்பி வந்தது. இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து ஷமீமா வந்தாள். மேலப்பாளையத்துப் பெண். தோளில் ஒரு வளையம் கம்பி, கையில் இடுக்கி, வாயில் கெட்ட செய்தி.

"வலிப்பக் கணிக்கிற மென்பொருளோட புதுப் பதிப்பு ரொம்பப் பெருசு அண்ணாச்சி. ஒங்க பெட்டி ஒத்தையா இழுக்காது. இன்னொரு பெட்டியக் கம்பியில சேத்துப் பூட்டணும்."

"பழசே ஓடட்டுமே. நல்லாத்தான ஓடுது?"

"பழச இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு நிறுத்துதாங்க. கம்பெனியில மூணு மாசம் முந்தியே சொல்லிட்டாங்களே, 'வாடிக்கையாளர் நலன் கருதி'ன்னு."

ஆவுடையப்பன் அதைக் கேட்டிருந்தார். நலன் கருதி என்று ஆரம்பித்ததால் விளம்பரம் என்று நினைத்துவிட்டார்.

"புதுசா ஒரு பெட்டி வாங்கிட்டா?"

"இன்னைக்குப் பதிஞ்சா தைப்பொங்கலுக்குக் கெடைக்கும்."

"பக்கத்து வீட்டுல கேப்போமே."

"ஒரே கதவு எண்ணுக்குள்ளதான் கம்பி இழுக்கலாம். சட்டம்." ஷமீமா தரையைப் பார்த்தாள். ஆவுடையப்பனும் தரையைப் பார்த்தார். தரைக்குக் கீழே அவருடைய அண்ணன் இருந்தார்.

"அவருகிட்டயா?" என்றாள் வடிவு. வயரைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

அண்ணன் கைலாசநாதனைப் பற்றி அறிய விரும்புகிறவர்கள் அவரைப் பார்க்க வேண்டியதில்லை. வாசலில் போர்டு இருக்கிறது. 'மண்டல முதன்மை மேலாளர் (ஓய்வு)' என்று ஆரம்பித்து, 'நகர் நலச் சங்க நிரந்தரத் தலைவர்', 'நிதி நெறியாளர்', 'செயல் சிகரம்', 'பன்னாட்டுக் கருத்தரங்கப் பங்கேற்பாளர்' என்று கீழே இறங்கிக்கொண்டே போகும். தபால்காரர் கடைசி வரி வரை படித்து முடிப்பதற்குள் நாய் வந்துவிடும். பன்னாட்டுக் கருத்தரங்கு கொழும்பில் நடந்தது. அதில் அவர் பங்கேற்றது மத்தியானச் சாப்பாட்டில் என்பது ஆவுடையப்பனின் கட்சி. பட்டங்களையெல்லாம் இடைவெளியில்லாமல் அண்ணன் குரலில் ஒப்பித்துக் காட்டுவது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. கல்யாண வீடுகளில் கேட்டு ரசிப்பார்கள்.

பேச்சு அறுந்து மூன்று வருஷம். அப்பாவின் திதியன்று கரண்டு போன நேரம். எல்லோரும் உட்கார்ந்திருந்த சபையில் வடிவு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். கைலாசநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க யாரும்மா? எந்த ஊரு?" என்று கேட்டார். தம்பி பெண்டாட்டியை, பதினான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளை! வடிவின் அப்பா பேட்டையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அதைக் குத்திக்காட்டத்தான் கேட்டார் என்று ஊரே சொன்னது. வடிவு செம்பை அப்படியே வைத்துவிட்டு மாடியேறியவள்தான்.

கைலாசநாதன் கதவைத் திறந்தபோது வெள்ளை வேட்டியில் இருந்தார். காதில் எப்போதும்போல் கறுப்பு மணி, அதில் கடுகளவு கண்ணாடிக் கண், கழுத்தோரம் இறங்கி உள்ளறைக்கு ஓடும் மெல்லிய கம்பி. காது மிஷினா என்று யாராவது கேட்டால் கோபம் வரும். 'அகிலத்தோடு தொடர்பு' என்பார். மனைவி போனபின், வெளிநாட்டில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பிய பெரிய கணினியின் வால் அது. அந்தக் கணினியை வைத்து அவர் சுயசரிதை எழுதுகிறார் என்று தெருவில் பேச்சு. ஆயிரம் பக்கம் தாண்டியும் இன்னும் பதவி உயர்வு வரவில்லையாம்.

ஷமீமா விஷயத்தைச் சொன்னாள். கைலாசநாதன் ஒரு விரலை உயர்த்தினார். அது அவர் வழக்கம். யார் எது கேட்டாலும் விரல் உயரும், அரைக்கணம் மௌனம், பிறகு மடை திறக்கும்.

"ஆவுடையப்பா, வா. உறவுகளுக்கிடையே கசப்பு வரலாம். கடமைக்குள் கசப்பு வரலாகாது. என் கணினி, குடும்ப நலனுக்காக என்றும் திறந்தே இருக்கும். சென்ற ஆண்டு நகர் நலச் சங்க நிறைவுரையில் நான் குறிப்பிட்டதுபோல்..."

"கம்பி எந்தப் பக்கமா இழுக்கலாம் ஐயா?" என்றாள் ஷமீமா.

நிறைவுரை அந்தரத்தில் நின்றது. ஆவுடையப்பனுக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று.

குளியலறைக் குழாய் இறங்கும் ஓட்டை வழியாகக் கம்பி இறங்கியது. நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு இணைப்புப் பெட்டி.

"பூட்டியாச்சுன்னா ரெண்டும் ஒரே வீட்டு ஆளுங்க மாதிரி. ஒண்ணுக்குப் பாரமான வேலைய இன்னொண்ணு தாங்கிக்கும். ஒண்ணுக்குத் தெரியாதத இன்னொண்ணுகிட்ட கேட்டுக்கும்."

"அவருகிட்ட கேக்கதுக்கு எங்களுக்கு ஒண்ணும் இல்ல," என்றார் ஆவுடையப்பன். "பட்டம் வேணும்னா கேப்போம்."

ஷமீமா பொத்தானை அழுத்தினாள். இணைப்புப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது, உடனே சிவப்பாயிற்று. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் சிவப்பு. கீழ்வீட்டுத் திரையில் ஒரு வரி வந்தது: 'இதே பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.'

"ஐயா, ஒங்க கணினிக்கு என்ன பேரு?"

"பொன்னம்பலம்," என்றார் கைலாசநாதன். "எங்கள் தந்தையாரின் திருநாமம்."

ஷமீமா மெல்லத் திரும்பி ஆவுடையப்பனைப் பார்த்தாள். "ஒங்களுக்கு?"

ஆவுடையப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "பொன்னம்பலம்," என்றார்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். அண்ணனுக்கு ஒரே மகள். தம்பிக்குப் பிள்ளையே இல்லை. ஆகவே வீட்டுக்கு முதலில் வந்த, சொன்னதைக் கேட்கிற ஜீவனுக்கு ஆளுக்கொரு பக்கமாக அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். மாடியில் ஒரு அப்பா, கீழே ஒரு அப்பா. ஒருவருக்கொருவர் தெரியாது. இப்போது இரண்டு அப்பாக்களையும் ஒரு கம்பியில் கட்டினால், நான்தான் பொன்னம்பலம் என்று இரண்டும் முறைத்துக்கொண்டு நின்றன.

"மூத்த மகன் வீட்டுக்குத்தான் அந்தப் பேரு சேரும்," என்றார் கைலாசநாதன்.

"அப்பா கடைசி வரைக்கும் கெடந்தது மாடியில. பீ மூத்திரம் அள்ளினது வடிவு. பேரு மட்டும் கீழ எறங்கி வந்துருமோ?"

"சண்ட அப்புறம் போடுங்க," என்றாள் ஷமீமா. "யாராவது ஒருத்தர் பேர மாத்தணும். மாடிப் பேர மாத்த முடியாது. அக்கா சில்லு அந்தப் பேருக்குத்தான் கட்டுப்படும். மாத்தினா திரும்ப மண்டையத் தொறந்துதான் சேக்கணும். அதனால இதத்தான்..." அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "ஒரு விஷயம் ஐயா. வீட்டுக் கணினிக்குப் பேர மாத்தினா அது படிச்சதெல்லாம் அழிஞ்சிரும். களவு போனா அடுத்தவன் ஒங்க ரகசியத்தப் பாக்கக்கூடாதுல்லா, அதுக்குச் சட்டம் அப்படி. நகலும் எடுக்க முடியாது. பச்சப்பிள்ள மாதிரி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

கைலாசநாதன் விரலை உயர்த்தினார். மௌனம் அரைக்கணத்தைத் தாண்டிப் போயிற்று. விரல் அப்படியே நின்றது. மடை திறக்கவில்லை.

"முடியாது," என்றார். அதில் மேடை இல்லை. தெருவில் வழிமறிக்கப்பட்டவனின் குரல். "வேற என்ன வேணாலும் கேளு. பெட்டியத் தூக்கிட்டுப் போ. வீட்ட எழுதித் தாரேன். பேர மாத்தச் சொல்லாத."

"பேர மாத்தாம பெட்டிய வச்சு என்னய்யா செய்ய?" என்றாள் ஷமீமா.

"ஆயிரம் பக்கம் சுயசரிதை அழிஞ்சிருமோன்னு பதறுதாரு," என்றார் ஆவுடையப்பன். "அண்ணே, அங்க ஒரு உசுரு கெடக்கு. நீங்க கொழும்புல சாப்ட்டத எழுதி வச்சிருக்கேன்னு நிக்கிய."

கைலாசநாதன் தம்பி முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மத்தியானம் முழுக்க ஆவுடையப்பன் தொலைபேசியில் கெஞ்சினார். கம்பெனியில் ஒரு இனிமையான இயந்திரக் குரல், அவருடைய கவலை தங்களுக்கு மிக முக்கியமானது என்று பல தடவை சொன்னது. சங்கத்துச் செயலாளரைப் பிடித்தார். தலைவரைத் தீர்மானம் போட்டுத்தான் கண்டிக்க முடியும், தீர்மானத்துக்குத் தலைவர் கையெழுத்து வேண்டும் என்றார் அவர். ஆஸ்பத்திரியில் கட்டில் கேட்டார். எல்லாச் சில்லுக்காரர்களும் அதையே கேட்கிறார்கள் என்றார்கள்.

ஐந்தேகால் மணிக்கு வடிவுக்கு ரப்பர் கருகும் வாடை அடித்தது. வீட்டில் எதுவும் கருகவில்லை. வலிப்பு கிளம்பும் முன் அவளுக்கு மட்டும் அடிக்கும் வாடை அது. கணினி பார்த்துக்கொண்டது, சில்லு துடித்தது, வாடை போயிற்று. அவள் எழுந்து, ஆவுடையப்பன் தொலைபேசியோடு பின்கட்டில் நின்ற நேரம் பார்த்து, காதுக்குப் பின்னால் கைவிட்டு வயரைக் கழற்றினாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

ஷமீமாதான் முதலில் பார்த்தாள். "அக்கா! வயரு!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினாள். அதைக் கேட்டு ஆவுடையப்பனும் ஓடினார். அதற்குள் வடிவு கீழ்வீட்டுக் கதவைத் தட்டிவிட்டாள்.

கைலாசநாதன் திறந்தார். பார்த்தார். காதிலிருந்த மணியில் ஒரு பொட்டு வெளிச்சம் அணைந்து எரிந்தது.

"வடிவு," என்றார்.

"அத்தான், அன்னைக்குச் சபையில என்னய யாருன்னு கேட்டிய. நான் பதில் சொல்லல. இப்பச் சொல்லுதேன். நான் ஒங்க தம்பி பொஞ்சாதி. பேட்டையில பலசரக்குக் கடைக்காரர் மக. எனக்குச் சாகப் பயமா இருக்கு. அவ்வளவுதான்."

அவள் காதுக்குப் பின்னால் பட்டையில் வெறுமையாக இருந்த துளையைக் கைலாசநாதன் பார்த்தார். விரல் உயரவில்லை.

"இப்படி வயரில்லாம வரலாமா?" என்றார். "மேல போ தாயி. போய் மாட்டு. எனக்கு ஒரு பத்து நிமிஷம் குடுங்க. கொஞ்சம் பாத்துக்கிட வேண்டியது இருக்கு."

கதவு சாத்திக்கொண்டது. ஷமீமா வடிவைத் தாங்கி மாடிக்குக் கொண்டுபோனாள். ஆவுடையப்பன் கதவோரம் நின்றார். உள்ளே முணுமுணுப்பு கேட்டது. கணினி ஏதோ சொல்ல, அண்ணன் அதைத் திருப்பிச் சொன்னார். மறுபடி கணினி, மறுபடி அண்ணன். பரீட்சைக்கு முந்தின நாள் மக்குப் பையன் வாய்ப்பாடு படிக்கிற மாதிரி.

"சுயசரிதைய மனப்பாடம் பண்ணுதாரு," என்றார் ஆவுடையப்பன், படியிறங்கி வந்த ஷமீமாவிடம். அவள் சிரிக்கவில்லை. மணி ஐந்தரை தாண்டியிருந்தது.

பத்து நிமிஷம் கழிந்தது. இன்னொரு பத்தும் போயிற்று. ஆவுடையப்பன் கதவை உதைக்கப் போனபோது அது திறந்தது. கைலாசநாதனின் கண் சிவந்திருந்தது. காதிலிருந்து மணியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மாத்திருங்க."

"புதுப்பேரு என்ன வைக்க ஐயா?"

"என்னத்தயாவது வையி."

ஷமீமா 'கீழ்வீடு' என்று தட்டினாள். திரை வெளுத்தது. 'வணக்கம். நான் புதியவன். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்,' என்றது கணினி, நேற்றுப் பிறந்த குரலில். அதற்குப் பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. இணைப்புப் பெட்டியில் பச்சை எரிந்தது, நின்று எரிந்தது. இருவரும் மாடிக்கு ஓடினார்கள். கைலாசநாதன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி..." என்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாடிக் கணினியில் புதுப் பதிப்பு நத்தை மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. பாதி ஏறியபோது மணி ஆறு. சொன்ன சொல் தவறாத கம்பெனி. பழைய பதிப்பு அந்தக் கணமே செத்தது.

"வாடை அடிக்கு," என்றாள் வடிவு.

ஆவுடையப்பன் அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இடதுகைப் பெருவிரல் வெட்டி இழுத்தது. அது தானாக இழுக்க ஆரம்பித்தால் அடுத்தது தோள், அதற்கடுத்தது மூச்சு. திரையில் இன்னும் கால்வாசி பாக்கி. கீழ்வீட்டுப் பெரிய கணினி சுமையை வாங்கத் தொடங்கியது, கோடு நீண்டது. வடிவின் தோள் ஒருதரம் குலுங்கியது. கண் மேலே செருகியது.

"ஏட்டி, வடிவு! என்னயப் பாரு!"

"ஆட்டாதீங்க அண்ணாச்சி, பட்டை நகந்துரும்!" என்றாள் ஷமீமா.

'கணிப்பு தொடங்கியது' என்று திரை சொன்னது. வடிவின் உடம்பு ஒருமுறை விறைத்துத் தளர்ந்தது. பெருவிரல் இன்னும் ஒருதரம் துள்ளி அடங்கியது. கண்ணைத் திறந்து, "எதுக்கு இப்படிக் கத்துதிய? செத்தா போய்ட்டேன்?" என்றாள்.

ஷமீமா தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு டீ கேட்டாள்.

மறுநாள் காலையில் வடிவு தூங்கிக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் காபியோடு மாடிக் கணினி முன்னால் உட்கார்ந்தார். திரை ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம். 'கீழ்வீட்டில் கேட்கிறார்கள். அங்குள்ள கணினிக்கும் எனக்கும் தெரியவில்லை. பதில் தெரிந்தால் தட்டவும்.'

'பால்காரர் எப்ப வருவாரு?'

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. பால்காரர் வருகிற நேரத்தைக்கூடப் பெட்டியைத்தான் கேட்கிறது செயல் சிகரம். 'ஏழு மணிக்கு' என்று தட்டினார்.

'சீனி எந்த டப்பால இருக்கு?'

அது அவருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து அடுத்தது வந்தது.

'மாடில ஆள் நடக்க சத்தம் கேக்கு. யாரு அது?'

காபி டம்ளர் வாய்க்கும் மேசைக்கும் நடுவில் நின்றது. கட்டம் ஒரு வரி இறங்கியது.

'நேத்து ஒரு பிள்ள வந்துது. காதுல வயரு இல்லாம. நல்லா இருக்காளா? பேரு படிச்சேன். வ-ன்னு வரும்.'

திதி வீட்டில் கரண்டு போயிருந்தது ஆவுடையப்பனுக்கு ஞாபகம் வந்தது. மூன்று வருஷமாக அதை அவர் நூறு பேரிடம் சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் கரண்டு போனதையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார். கரண்டு போனால் பெட்டியும் போகும், காது மணியும் வாய்மூடும்.

பின்னால் வயர் தரையில் உரசும் சத்தம். வடிவு வந்து நின்று, அவர் தோளுக்கு மேலாகத் திரையைப் படித்தாள். அவளே கையை நீட்டி, 'வடிவு. நல்லா இருக்கா. சீனி நீலமூடி டப்பால. அடுப்புக்கு மேல,' என்று ஒற்றை விரலால் தட்டினாள். அவள் மூன்று வருஷமாகப் போகாத அடுப்படி அது.

கீழே டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு வாசல் கதவு. கட்டத்தில் மறுபடி எழுத்து வந்தபோது காபி ஆறிப்போயிருந்தது.

'வாசல்ல ஒரு போர்டு தொங்குது. நெறைய எழுதியிருக்கு. யாரு அது?'

ஆவுடையப்பன் தட்டினார்: 'அது நீங்கதான் அண்ணே.'

அடுத்த வரி வந்தது.

'அம்புட்டும் நெசமா?'

இந்தக் கேள்விக்குத்தான் அவர் மூன்று வருஷமாகக் கல்யாண வீடு கல்யாண வீடாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கொழும்பு, மத்தியானச் சாப்பாடு எல்லாம் விரல் நுனியில் நின்றன. வடிவு அவர் தோளில் கையை வைத்தாள்.

'அம்புட்டும் நெசம்,' என்று தட்டினார் ஆவுடையப்பன். 'எடம் பத்தாம ரெண்டு மூணு விட்டுப்போச்சு.'

கொஞ்ச நேரம் கழித்து, கீழே வாசலில் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, பால்காரரிடம் கடமையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பது கேட்டது.